வாயும் கையும் சேர்ந்தே பேசுவது ஏன்?

பேச்சை அறிவின் செயல் என்றும், நடப்பது, எறிவது, பிடிப்பது முதலியவற்றை உடலின் செயல் என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே பொதுவான வழக்கம். ஆனால் பேசுவதும் உடலின் அசைவுதான். மனித உடல் செய்யும் அசைவுகளிலேயே மிக நுட்பமானதும் மிக விரைவானதுமான ஒன்று. சாதாரண வாக்கியம் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் மார்பு, குரல்வளை, தொண்டை, நாக்கு, தாடை, உதடு ஆகியவற்றைச் சேர்ந்த ஏறத்தாழ 100 தசைகள் ஒன்றுக்கொன்று காலம் தவறாமல் இயங்கியாக வேண்டும். நொடிக்குப் 10 முதல் 15 ஒலிகள் வரை வாயிலிருந்து வெளிப்படுகின்றன. இந்த வேலையை ஆளும் மூளைப் பகுதிகளும் கைவிரல்களை ஆளும் பகுதிகளும் அருகருகே அமைந்துள்ளன. பல நேரங்களில் சேர்ந்தும் இயங்குகின்றன. மொழிக்கும் அசைவுக்கும் உள்ள இந்த உறவு எவ்வளவு ஆழமானது, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்னும் கேள்விகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூளையியலாரின் ஆய்வில் இருந்து வருகின்றன.

மூளையின் மேற்பரப்பைச் சில மில்லிமீட்டர் தடிப்பில் போர்த்தியிருக்கும் சாம்பல்நிற அடுக்குக்கு மூளைப் புறணி என்று பெயர். அதில், உச்சந்தலையிலிருந்து இரு பக்கமும் காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டைப் பகுதி உடலசைவுகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. இதை இயக்கப் புறணி என்பர். 1870இல் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இரு ஜெர்மானியர்கள் நாயின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, தொட்ட இடத்துக்கு ஏற்ப எதிர்ப்பக்கத்துத் தசைகள் அசைவதைக் கண்டனர். மனித மூளைக்கு இப்படியொரு வரைபடத்தை விரிவாக வகுத்தவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லாமையால், வலிப்பு நோய்க்கான அறுவையின்போது நோயாளிகளை விழித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, புறணியின் ஒவ்வோர் இடத்தையும் மின்முனையால் தொட்டு, எந்த உறுப்பு அசைகிறது என்று அவர் குறித்துக்கொண்டார். 1937இல் வெளிவந்த அந்த முடிவுகளின்படி பாதமும் காலும் உச்சியிலும், அவற்றின் கீழே உடலும் தோளும் கையும், அதற்கும் கீழே முகமும் உதடும் நாக்கும் தொண்டையும் வரிசையாக இடம்பெற்றுள்ளன. முதுகு முழுவதற்கும் சிறு துண்டு இடமே கிடைத்திருக்க, கைக்கும் வாய்க்கும் மட்டும் பெரும்பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதும், அவை இரண்டும் அடுத்தடுத்து இருப்பதும் இந்த வரைபடத்தில் கண்ணில் படும் செய்திகள். 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் இந்தப் படத்தில் ஒரு திருத்தம் செய்தனர். கால், கை, வாய் ஆகியவற்றுக்கான பகுதிகளின் நடுநடுவே எந்தத் தனி உறுப்புக்கும் உரியதாக இல்லாமல், முழு உடலின் செயலையும் திட்டமிடும் வலைப்பின்னலோடு சேர்ந்த இடங்கள் உள்ளன என்று அவர்கள் காட்டினர்.

மொழிக்கென மூளையில் ஓரிடம் உண்டு என்னும் கருத்துக்கு முதல் வலுவான சான்றைத் தந்தவர் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா. 1861 ஏப்ரலில் பிசேத்ர் மருத்துவமனையில் அவரிடம் கொண்டுவரப்பட்ட 51 வயது நோயாளி ஒருவர், முப்பது வயதிலேயே பேச்சை இழந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே தங்கியிருந்தவர். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்னும் ஒலியே அவரிடமிருந்து வரும் என்பதால் அதுவே அவருக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. அந்த ஒற்றை ஒலியோடு பலவகைக் கையசைவுகளைச் சேர்த்துத் தம் எண்ணங்களை ஓரளவு தெரிவிக்கவும் செய்தார். பேச்சு போன பத்தாண்டுகளுக்குப் பிறகு வலக்கையும், பின்னர் வலக்காலும் வலுவிழந்தன. அவர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்த புரோக்கா, இடப்பக்க முன்மடலின் கீழ்ப்பகுதியில், அதாவது இடது நெற்றிப்பொட்டை அடுத்த உட்பகுதியில், சிதைவு இருப்பதைக் கண்டார். அவ்விடம் இன்றும் புரோக்கா பகுதி எனப்படுகிறது. சிதைவு முதலில் பேச்சைப் பாதித்து, மெல்லப் பரவி அண்டையிலிருந்த கையின் கட்டளைப் பகுதியை எட்டியது என்று அந்த நோயின் வரலாற்றைப் படிக்கலாம். பாதுகாக்கப்பட்டிருந்த அந்த மூளையை 2007இல் எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், சிதைவு புரோக்கா நினைத்ததைவிட ஆழத்துக்குச் சென்றிருந்ததைக் கண்டனர். ஆகவே பேச்சிழப்பு முழுவதையும் அந்தச் சிறு பகுதியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இடப்பக்க மூளையே வலக்கையை ஆள்கிறது. பெரும்பாலோர் வலக்கைப் பழக்கத்தினர். அவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழியும் இடப்பக்கத்தையே சார்ந்திருக்கிறது. இதை வைத்து 'கைத்திறன் இருக்கும் பக்கத்தில் மொழி' என்று நூல் பிடித்தாற்போல் சொல்லிவிடலாம் என்றால், இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் சுமார் 70 விழுக்காட்டினருக்கு மொழி இடப்பக்கத்திலேயே இருப்பது குறுக்கே நிற்கிறது. இருப்பினும் இரண்டும் ஒரே பக்கத்தில் கூடியிருப்பது தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன் விளக்கிய அப்ராக்சியா என்னும் குறைபாட்டில், கையில் வாதமோ வலுவின்மையோ இல்லாதபோதும், 'சீப்பால் தலை வாருவதுபோல் செய்து காட்டுங்கள்' என்றால் நோயாளியால் முறையாகச் செய்ய முடிவதில்லை. இடப்பக்க மூளை பழுதுற்றால் இடக்கைக்கும் இந்தத் தடுமாற்றம் வரக்கூடும் என்று அவர் காட்டினார். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள் பலரிடம் இந்தக் குறைபாடும் உடன் காணப்படுகிறது. ஆனால் ஒன்று மட்டும் வந்து மற்றொன்று வராதவர்களும் உண்டு.

நோயுற்ற மூளையைக் காட்டிலும், வளரும் குழந்தையிடம் இந்த உறவு தெளிவாகத் தெரிகிறது. பிறந்த சில நாள் குழந்தையின் இரு உள்ளங்கைகளையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் குழந்தை வாயைத் திறக்கும். பாப்கின் அனிச்சைச் செயல் எனப்படும் இது சில மாதங்களில் மறைந்துவிடுகிறது. ஆறேழு மாத அளவில் 'பாபாபா', 'மாமாமா' என்று ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மழலை தொடங்குகிறது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் கைகளைத் தாளகதியில் ஆட்டுவதும், கிலுகிலுப்பையைக் குலுக்குவதும், தரையைத் தட்டுவதும் உச்சத்தை அடைகின்றன. வாயும் கையும் ஒரே தாளத்தைக் கற்றுக்கொள்கின்றன என்று ஆய்வாளர்கள் இதை விளக்குகின்றனர். காது கேளாத பெற்றோரிடம் சைகைமொழியைப் பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள், இதே பருவத்தில், பொருளற்ற ஆனால் சைகைமொழியின் உறுப்புகளை ஒத்த அசைவுகளைக் கைகளால் மழலையாடுவதாக 1991இல் கனடா ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

ஓராண்டு நிறையும் முன்பே சுட்டுவிரல் வந்துவிடுகிறது. சொல் வருவதற்கு முன்னரே குழந்தை நிலவையும் காக்கையையும் சுட்டிக்காட்டும். சொல் ஒன்று வந்த பிறகு அதையும் விரலையும் இணைத்துக்கொள்ளும். செருப்பைச் சுட்டியவாறே 'அப்பா' என்று சொல்லும் குழந்தை, அது அப்பாவின் செருப்பு என்னும் முழுக் கருத்தையும் தெரிவித்துவிடுகிறது; கருத்தின் ஒரு பாதி விரலில், மறு பாதி நாக்கில். சூசன் கோல்டின்-மெடோவும் ஜானா ஐவர்சனும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படிச் சுட்டலையும் வேறொரு சொல்லையும் இணைக்கத் தொடங்கிய குழந்தைகளே 'அப்பா செருப்பு' போன்ற இருசொல் தொடர்களையும் முதலில் பேசத் தொடங்கினர். சொற்றொடரின் அமைப்பு வாய்க்கு வருவதற்கு முன் கையில் ஒத்திகை பார்க்கப்படுகிறது என்றே கொள்ளலாம்.

வளர்ந்தவர்களிடமும் கை ஓய்வதில்லை. தொலைபேசியில் வழி சொல்பவர், எதிரே யாரும் இல்லாதபோதும் இடப்பக்கம் வலப்பக்கம் என்று கையை வீசிக் காட்டுவதை எங்கும் காணலாம். கேட்பவருக்காகவே கையை ஆட்டுகிறோம் என்றால் இதற்கு விளக்கமில்லை. மேற்சொன்ன இரு ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் செல்கிறது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், பிறர் கையசைப்பதை ஒருநாளும் கண்டிராதவர்கள், பேசும்போது பார்வையுள்ளவர்களைப் போலவே கையசைத்தனர். கேட்பவரும் பார்வையற்றவரே என்று தெரிந்திருந்தபோதும் அசைத்தனர்.

இதைவிட வியப்பூட்டுவது, ஆய்வேடுகளில் ஐ.டபிள்யூ. என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும் ஓர் ஆங்கிலேயரின் நிலை. 1971இல், 19 வயதில், காய்ச்சலை அடுத்து வந்த நரம்புக் கோளாற்றால், கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும், உறுப்புகள் எங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்று உள்ளிருந்தே அறிவிக்கும் உடல்நிலை உணர்வையும் அவர் இழந்தார். தசைகளில் வலு இருந்தது, கட்டளையும் சென்றது, ஆனால் கை எங்கே போயிற்று என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் விடாமல் பயின்று, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் காவல் காத்தபடி நிற்கவும் நடக்கவும் எழுதவும் கற்றார். விளக்கு அணைந்தால் நிலைகுலைந்து விழும் நிலைதான். ஆய்வாளர்கள் அவர் கைகளை அவரால் பார்க்க முடியாதவாறு மறைத்துவைத்துச் சோதித்தபோது, ஒரு பொருளை எடுத்துக் கையாளும் நடைமுறைச் செயல்களை அவரால் சரிவரச் செய்ய முடியவில்லை. ஆனால் கதை சொல்லச் சொன்னபோது, அதே மறைவில் அதே கைகள் பேச்சோடு பொருந்திய வடிவத்தில், சொல்லுக்குரிய கணத்தில் பிசகாமல் அசைந்தன. பேச்சோடு வரும் கையசைவை டேவிட் மெக்நீல் போன்ற அறிஞர்கள் மொழியின் அணியாகக் கொள்ளாமல் மொழியின் ஒரு பாதியாகவே கொள்வதற்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திய வி.எஸ். ராமச்சந்திரன், 1998இல் வெளிவந்த தம் நூலில் இரு கைகளும் இல்லாமல் பிறந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி விவரிக்கிறார். இல்லாத கைகள் இருப்பதுபோல் அப்பெண் உணர்ந்தார். பேசும்போது அந்த மாயக் கைகள் அசைந்து சைகை காட்டுவதாகவும் கூறினார். உடலில் ஒருநாளும் இல்லாத கைக்கும் பேச்சு கட்டளை அனுப்புகிறது என்றால், அந்தத் தொடர்பு பழக்கத்தால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது.

இதுவரை சொன்னவை பேசுவதைப் பற்றியவை. கேட்டுப் பொருள் உணர்வதிலும் அசைவின் பங்கு உண்டா என்பதில்தான் கருத்துப் போர் மூண்டது. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கோமோ ரிசொலாட்டியின் குழுவினர், குரங்கின் மூளையில் எஃப்5 என்னும் இடத்திலுள்ள சில நரம்பணுக்கள், குரங்கு தானே கடலையை எடுக்கும்போது மட்டுமன்றி, வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிப்பதைக் கண்டு, அவற்றைக் கண்ணாடி நியூரான்கள் என்றனர். எஃப்5 பகுதி, மனித மூளையின் புரோக்கா பகுதிக்கு நிகரானதாகக் கருதப்படுவது. எனவே பிறர் செயலைத் தன் செயலாக உணரும் இந்த ஏற்பாட்டிலிருந்து முதலில் கைச்சைகையும், பின்னர் பேச்சும் தோன்றியிருக்கலாம் என்று ரிசொலாட்டியும் மைக்கேல் ஆர்பிபும் 1998இல் எழுதினர். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் செய்யும் என்று ராமச்சந்திரன் 2000ஆம் ஆண்டில் முன்னுரைத்தார். அந்த அளவுக்கு அவை இன்னும் எதையும் செய்துவிடவில்லை.

2004இல் கேம்பிரிட்ஜில் ஓலாஃப் ஹாக், ஃபிரீட்மன் புல்வர்முல்லர் முதலியோர், திரையில் சொற்களை வாசிப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தனர். 'நக்கு' என்பது போன்ற வினைச்சொல்லை வாசித்தபோது நாக்கின் கட்டளைப் பகுதிக்கு அருகிலும், 'பறி' என்பது போன்ற சொல்லுக்கு விரல்களின் பகுதியிலும், 'உதை' என்பது போன்ற சொல்லுக்குப் பாதத்தின் பகுதியிலும் செயல்பாடு கூடியது. வாசித்தவர்கள் எந்த உறுப்பையும் அசைக்கவில்லை. மறு ஆண்டு, தலைக்கு மேலிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தி மூளையின் ஓரிடத்தை மெல்லத் தூண்டும் முறையில், கைப்பகுதியைத் தூண்டினால் கைவினைச் சொற்களையும், கால்பகுதியைத் தூண்டினால் கால்வினைச் சொற்களையும் படிப்பவர்கள் ஒப்பீட்டளவில் விரைந்து இனங்காண்கிறார்கள் என்று காட்டினர். நோயாளிகளிடமும் இதன் நிழல் தெரிகிறது. பார்க்கின்சன் நோயில், அசைவைத் தொடங்கவும் சீராக்கவும் உதவும் மூளையின் அடியிலுள்ள நரம்பணுத் திரள்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைவதால் தளர்கின்றன. 2008இல் பிரான்சில் நடந்த ஆய்வில், மருந்து எடுக்காத நிலையில் இந்நோயாளிகளின் மூளை, பொருட்பெயர்களை இயல்பாகக் கையாண்ட போதும் செயல்களைக் குறிக்கும் வினைச்சொற்களைக் கையாளுவதில் பின்தங்கியது; டோபமைனைக் கூட்டும் மருந்தை எடுத்தபின் அந்தக் குறை நீங்கியது.

இவற்றைக் கொண்டு 'பொருள் என்பதே உடலசைவின் நினைவுதான்' என்று சிலர் முடிவு கட்டினர். இது சான்று தாங்காத மிகைக் கூற்று. கையின் பகுதி விழித்துக்கொள்வது பொருள் உணர்வதற்குக் காரணமா, உணர்ந்தபின் எழும் எதிரொலியா என்பதைப் படங்கள் மட்டும் சொல்லிவிடா. 'இழுப்பறையை மூடு' என்னும் வாக்கியத்தைப் புரிந்துகொண்டதைக் கையை முன்னே நீட்டித் தெரிவித்தால் விரைவாகவும், தன்பக்கம் இழுத்துத் தெரிவித்தால் தாமதமாகவும் விடை வரும் என்று காட்டி 2002இல் வெளிவந்த பெயர்பெற்ற ஆய்வைப் பல ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து மீண்டும் செய்து பார்த்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. பிறவியிலேயே கைகள் இல்லாதவர்கள், பிறர் கையால் செய்யும் செயல்களை மற்றவர்கள் அளவுக்கே சரியாக இனங்காண்கிறார்கள் என்பது இன்னொரு தடை. 'கைவிட்டான்', 'காலை வாரினான்' போன்ற மரபுத்தொடர்களைக் கேட்கும்போது கை கால் பகுதிகள் துடிக்கின்றனவா என்று தேடியவர்களும் ஒருமித்த விடை காணவில்லை.

மொழியும் அசைவும் எங்கே பிரிகின்றன என்பதைச் சைகைமொழியே தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் உர்சுலா பெல்லூஜி, எட்வர்ட் கிளிமா, ஹோவர்ட் பொய்ஸ்னர் ஆகியோர் பக்கவாதம் வந்த காது கேளாதவர்களை ஆராய்ந்து 1987இல் நூலாக வெளியிட்டனர். இடப்பக்க மூளை பழுதுற்றவர்கள், பேசுபவர்கள் பேச்சை இழப்பதுபோலவே சைகைமொழியை இழந்தனர். வலப்பக்கம் பழுதுற்றவர்கள் இடவமைப்பை உணர்வதில் பெரிதும் தடுமாறியபோதும் சைகைமொழியைப் பெரும்பாலும் காத்துக்கொண்டனர். பின்னர் ஆராயப்பட்ட ஒருவர், ஒரு பொருளைப் பயன்படுத்துவதுபோல் கையால் நடித்துக் காட்ட வல்லவராக இருந்தும், அதற்குரிய சைகைச்சொல்லைக் காட்ட முடியாமல் தவித்தார். அதே கைதான், அதே தசைகள்தான். நடிப்பு எஞ்சியது, சொல் போயிற்று. ஆகவே மூளை கையசைவையும் மொழியையும் ஒன்றாகவே வைத்துக் குழப்பிக்கொள்வதில்லை. அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று உதவுமாறு இயக்குகிறது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு.

மரபணுவும் இதே திசையைக் காட்டுகிறது. கே.இ. என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும் ஓர் இங்கிலாந்துக் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கடுமையான பேச்சுக் குறைபாடு இருந்தது. 2001இல் அதற்குக் காரணம் ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் என்று கண்டறிந்ததும் செய்தித்தாள்கள் 'மொழி மரபணு' என்று கொண்டாடின. அந்தப் பெயர் பொருந்தாது. எலிக்கும் பறவைக்கும் அது உண்டு. அக்குடும்பத்தினருக்கு இலக்கணத்திலும் இடர் இருந்தது என்றாலும், வாயின் அசைவுகளை வரிசைப்படுத்துவதே முதன்மையான இடராக இருந்தது.

இந்த அறிவால் நடைமுறைப் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். பேச்சிழந்தவர்களுக்காக 1973இல் பாஸ்டன் நகரில் உருவான ஒரு சிகிச்சையில், 'தண்ணீர் வேண்டும்' என்பது போன்ற தொடரை நோயாளி இழுத்து இசைத்துச் சொல்ல, ஒவ்வோர் அசைக்கும் அவரது இடக்கை மேசையில் தட்டப்படுகிறது. பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்றாலும், பேசவே முடியாத சிலர் இந்த முறையில் தொடர்களைச் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர்.

மற்றோர் இடம் வகுப்பறை. கையை அசைக்க விடாமல் தடுத்தால், இடத்தையும் திசையையும் பற்றிய பேச்சு தடுமாறுகிறது என்று 1996இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கணக்கை விளக்கும்போது கையையும் பயன்படுத்துமாறு சொல்லப்பட்ட குழந்தைகள், புதிய வழிமுறைகளைக் கைகளில் வெளிப்படுத்தியதோடு, அடுத்து நடத்தப்பட்ட பாடத்தையும் நன்றாகக் கற்றனர் என்று கோல்டின்-மெடோவின் குழுவினர் 2007இல் தெரிவித்தனர். தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் கையைக் கட்டிக்கொண்டு நின்று விடை சொல்வதே இன்றும் ஒழுங்கு எனப்படுகிறது. மரியாதைக்குரிய வேளைகளில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு குழந்தை வடிவியல் கணக்கையோ ஆற்றின் போக்கையோ பூமி சுழலும் விதத்தையோ விளக்க எழுந்து நிற்கும்போது, ஆசிரியர்கள் அதன் கைகளை அவிழ்த்துவிட வேண்டும்.